ஆளில்லா அடுப்பும் அந்திநேரச் சூப்பும்

வேலைநாள் ஒன்றின் மாலைப்பொழுது பல வீடுகளில் எவ்வாறு கழிகின்றது என்பதை நேயர்கள் அறிவார்கள். கந்தோரிலிருந்து திரும்பும் தாய் கைப்பையை வைத்தவுடன் அடுப்படிக்குட் செல்கின்றாள். பஸ்ஸில் நின்றபடி வந்த தந்தை சாய்கதிரையைத் தேடுகின்றார். பிள்ளைகள் பசியோடு பாடப் புத்தகத்தின் முன் இருக்கின்றார்கள். வெங்காயம் உரித்து, கறி கூட்டி, சோறு வடித்து, எல்லாரும் உண்டு முடியும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடுகின்றது. பிள்ளை அன்று பாடசாலையில் என்ன படித்தது, யாரோடு விளையாடியது, எதற்காக அழுதது என்று கேட்பதற்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் நேரம் இல்லை. உணவு ஆக்கப்பட்டது, ஆனால் அதற்கு விலையாக ஒரு மாலைப்பொழுது முழுவதும் கொடுக்கப்பட்டது.

இந்த விலையைக் குறைப்பதற்கு உதவும் ஒரு கருவியைப் பற்றியும், அக்கருவியில் எளிதாக ஆக்கக்கூடிய கோழி சூப்பைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூறுதல் பொருத்தமாகும். 'ஸ்லோ குக்கர்' என்று வழங்கப்படும் அக்கருவியை, மெதுவாகச் சமைக்கும் மின்சட்டி என்று தமிழிற் கூறலாம். காலையிற் பொருள்களை அதனுள் இட்டு மூடிவிட்டுப் போனால், மாலையில் திரும்பும்போது உணவு ஆயத்தமாக இருக்கும். கேட்பதற்கு மிகவும் இலகுவான காரியம். ஆயினும் ஆளில்லாத வீட்டில் நாள் முழுவதும் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருப்பது விளையாட்டன்று. அதன் இயல்பை அறிந்து கையாள்பவருக்கு அது நல்ல துணை. அறியாது கையாள்பவருக்கு அது நோயைத் தேடித் தரவும் கூடும்.

முதலில் இக்கருவி பிறந்த கதையைப் பார்ப்போம். யூத மக்களின் சமயநெறிப்படி, வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரையுள்ள காலம் ஓய்வுநாளாகும். அந்த நாளில் நெருப்பு மூட்டுதல் ஆகாது, சமையலும் ஆகாது. அப்படியாயின் சனிக்கிழமை மதியம் சூடான உணவு உண்பது எங்ஙனம்? கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் அதற்கு ஒரு வழி கண்டன. இறைச்சி, அவரை வகை, பார்லி, கிழங்கு ஆகியவற்றை ஒரு சட்டியில் இட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் ஊரிலுள்ள பாண் போறணைக்கு அனுப்பிவிடுவார்கள். பாண் சுட்டு முடிந்த போறணையில் எஞ்சியிருக்கும் வெப்பத்தில் அச்சட்டி இரவு முழுவதும் மெல்ல மெல்ல வெந்து, மறுநாள் உணவாக வெளியே வரும். அந்த உணவுக்குச் சோலண்ட் என்று பெயர்.

லித்துவேனியா நாட்டிலுள்ள வில்னா நகரில் சிறுமியாக இருந்த காலத்தில், இவ்வாறு சட்டியைப் போறணைக்குக் கொண்டுபோன ஒரு பெண் பின்னாளில் அமெரிக்காவிற் குடியேறினார். அவர் தம் மகனுக்கு இக்கதையைச் சொன்னார். மகன் இர்விங் நக்ஸன் சிக்காகோ நகரில் மின்பொறியியலாளராகப் பணியாற்றியவர். போறணையின் அடங்கிய வெப்பத்தை மின்சாரத்தால் உண்டாக்கலாமே என்று அவர் எண்ணினார். சட்டியைச் சுற்றி மின்கம்பிச் சுருள் அமைத்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெப்பம் ஏறும்படி ஒரு கருவியை ஆக்கி, 1940 ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். அவரது தொழில் நிறுவனத்தை 1970 இல் கான்சாஸ் நகரத்து 'றைவல்' கம்பனி விலைக்கு வாங்கியது. அக்கம்பனி மறு ஆண்டாகிய 1971 இல் அச்சட்டிக்குப் புதிய தோற்றமும் 'குறொக் பொட்' என்ற புதிய பெயரும் கொடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வெளிவேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலம் அது. சமைப்பவர் வீட்டில் இல்லாத வேளையிலும் சமைக்கும் சட்டி என்று விளம்பரம் செய்யப்பட்டபோது, அது வீடுதோறும் புகுந்ததில் வியப்பில்லை.

இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. இந்தச் சமையல் முறை பிறந்தது ஓய்வை நோக்கி. மனிதர் தம் வேலையை நிறுத்தி, குடும்பத்தோடு கூடியிருப்பதற்காக அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதே முறை, மனிதர் மேலும் வேலை செய்வதற்காகப் பயன்படலாயிற்று. கருவி ஒன்றே, நோக்கந்தான் மாறியது. எனவே இச்சட்டியை வாங்கும் குடும்பம், அது மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை எதற்குக் கொடுக்கப்போகின்றது என்பதையும் சேர்த்து எண்ணுதல் நன்று.

இனி, இது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைக் காண்போம். வெளியே உலோகக் கூடு. அதன் சுவரினுள்ளே மின்சுருள். அதனுள் தடித்த மண்ணால் வனைந்து சுட்டு மெருகிட்ட உட்சட்டி. மேலே கண்ணாடி மூடி. சுருளின் வெப்பம் தடித்த சட்டியின் ஊடாக மெல்ல மெல்ல உணவுக்குட் செல்லும். உள்ளே எழும் நீராவி மூடியிற் பட்டு மீண்டும் நீராகிச் சட்டிக்குள்ளேயே விழும். ஆகையால் நீர் வற்றுவது மிகக் குறைவு, அடிப்பிடிப்பதும் அரிது.

இக்கருவியில் 'லோ' என்றும் 'ஹை' என்றும் இரு நிலைகள் உள்ளன. 'லோ' என்றால் குறைந்த சூட்டிலேயே நின்றுவிடும் என்று பலர் நினைக்கின்றார்கள். அது பொதுவாகச் சரியன்று. பெரும்பாலான மின்சட்டிகளில் இரு நிலைகளும் ஈற்றில் ஏறக்குறைய ஒரே சூட்டை, அதாவது கொதிநிலையை அண்டிய சூட்டையே அடைகின்றன. அதை அடைய எடுக்கும் நேரமே வேறுபடுகின்றது. 'ஹை' நிலையில் நான்கு மணி நேரத்தில் ஆகும் சூப், 'லோ' நிலையில் ஏழு அல்லது எட்டு மணி நேரம் எடுக்கும்.

மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகும் இறைச்சி மிருதுவாவதற்குக் காரணம் உண்டு. விலங்குகளின் தசையிழைகளைப் பிணைத்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். நடப்பதற்கும் கிளறுவதற்கும் ஓயாது உழைக்கும் கோழியின் காலிலும் தொடையிலும் இது மிகுதி. உழைப்புக் குறைந்த நெஞ்சுப் பகுதியிற் குறைவு. ஈரமான சூட்டில் நெடுநேரம் இருக்கும்போது கொலாஜன் கரைந்து ஜெலற்றின் என்ற பொருளாக மாறுகின்றது. சூப்புக்கு ஒருவகைத் தடிப்பையும் உதட்டில் ஒட்டும் இனிய பதத்தையும் கொடுப்பது இதுவே. நல்ல சூப் குளிர்சாதனப் பெட்டியில் ஆறியதும் களிபோல் இறுகுவதும் இதனாலேயே. ஆகவே இச்சட்டிக்கு விலை குறைந்த காலும் தொடையுமே உகந்தவை. விலை கூடிய நெஞ்சிறைச்சியை எட்டு மணி நேரம் வைத்தால், அது நீருக்குள் இருந்தும் உலர்ந்து நாராகிவிடும்.

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு, மூன்றரை லீற்றர் கொள்ளும் சட்டியில் ஆக்குவதற்கான அளவு பின்வருமாறு: எலும்போடு கூடிய கோழிக்காலும் தொடையும் 750 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, கரட் இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று, லீக்ஸ் ஒரு தண்டு, உள்ளி ஆறு பல்லு, பெருவிரல் அளவு இஞ்சித் துண்டு ஒன்று, முழு மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, சிறு கறுவாத் துண்டு ஒன்று, ரம்பைத் துண்டு ஒன்று, கறிவேப்பிலை ஒரு நெட்டு, உப்பு ஒரு தேக்கரண்டி, நீர் ஒரு லீற்றர். தேசிக்காய் ஒன்றைக் கடைசி வேளைக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். இப்பொருள்கள் யாவும் சேர்ந்து சட்டியின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். பாதிக்குக் குறைந்தால் உணவு அளவுக்கு மிஞ்சி வெந்துவிடும். மூன்றில் இரண்டுக்கு மேற் போனால் சூடேறத் தாமதமாகும்.

வேலையின் பெரும்பகுதி முதல்நாள் இரவிலேயே முடிதல் வேண்டும். மரக்கறிகளை வெட்டி ஒரு பாத்திரத்தில் மூடி வைக்கலாம். கோழியின் தோலை நீக்கி, துண்டுகளை வேறொரு பாத்திரத்தில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். இரண்டையும் ஒன்றாக வைத்தலாகாது. பச்சை இறைச்சியிலிருந்து கசியும் நீர் மரக்கறியிற் படக்கூடாது. கோழியை ஓடும் குழாய்நீரிற் கழுவுவது பல வீடுகளிற் பழக்கம். அவ்வாறு கழுவும்போது தெறிக்கும் சிறு துளிகள் நுண்ணங்கிகளைச் சுற்றியுள்ள கோப்பைகளிலும் பலகைகளிலும் பரப்பிவிடுகின்றன. அவற்றைக் கொல்வது கழுவும் நீரன்று, சமைக்கும் சூடே. கழுவித்தான் ஆகவேண்டும் என்போர், ஒரு பாத்திரத்து நீரில் மெல்ல அலம்பி, பின்பு அந்த இடத்தையும் தம் கைகளையும் சவர்க்காரமிட்டுச் சுத்தம் செய்தல் வேண்டும். உட்சட்டியையே பொருள்களோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் எடுத்து மின்சாரத்திற் பொருத்துவதும் தவறு. குளிர்ந்த தடித்த சட்டி சூடேற நெடுநேரம் எடுக்கும். சிலவேளை வெடித்தும் போகும்.

காலையில் எழுந்ததும் சட்டியின் அடியில் கிழங்கையும் கரட்டையும் பரப்புதல் வேண்டும். இச்சட்டியில் இறைச்சியைவிடக் கிழங்கு வகைகளே மெதுவாக வேகும். சூடு அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வருவதால், பிந்தி வேகும் பொருளே சூட்டுக்கு அண்மையில் இருத்தல் முறை. அதன்மேல் வெங்காயம், லீக்ஸ், உள்ளி, இஞ்சி, அதன்மேற் கோழி. மிளகு முதலிய சரக்குகளை ஒரு மெல்லிய துணியில் முடிந்து போட்டால், பின்னர் பிள்ளைகளின் வாயில் அகப்படா. அரைத் தேக்கரண்டி உப்பை இப்போது இட்டு, மீதியை இறுதியிற் சுவை பார்த்துச் சேர்க்கலாம். நீரை வெதுவெதுப்பாக ஊற்றுவது நல்லது. கொதிநீரைக் குளிர்ந்த சட்டியில் திடீரென ஊற்றினால் சட்டி பிளந்துவிடும்.

ஐந்தரை மணிக்கு 'ஹை' நிலையில் வைத்து, வீட்டார் புறப்படும் ஆறரை அல்லது ஏழு மணிக்கு 'லோ' நிலைக்கு மாற்றிவிட்டால், பிற்பகல் இரண்டு மணியளவிற் சூப் ஆயத்தமாகும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டிலுள்ள பாட்டி அப்போதே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்கலாம். எல்லாரும் மாலையில் வருபவர்களாயின், நேரம் முடிந்ததும் தானாகவே சூடு காக்கும் நிலைக்கு மாறும் சட்டியைத் தேர்ந்து வாங்குவது நலம். இடையில் மூடியைத் திறந்து பார்த்தலாகாது. ஒருமுறை திறந்தால், வெளியேறும் ஆவியோடு போன சூட்டை மீண்டும் பெறுவதற்குச் சட்டிக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுத்தல் வேண்டும் என்பது பழமொழி. இங்கே ஆகும்வரை பொறுத்தலே பெரிய காரியமாகும்.

மாலையிற் செய்ய வேண்டியது பதினைந்து நிமிட வேலை மாத்திரமே. கோழித் துண்டுகளை வெளியே எடுத்தால், இறைச்சி எலும்பைவிட்டுத் தானாகவே கழன்றுவரும். எலும்புகளை ஒன்றும் தவறாமல் நீக்கி, இறைச்சியை உதிர்த்துச் சூப்பில் மீண்டும் இடுதல் வேண்டும். சிறுபிள்ளைகள் உண்ணும் வீட்டில் இதிற் கவனம் தவறலாகாது. மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வழித்து எடுக்கலாம். ஒரு பிடி கீரையை இப்போது சேர்த்தால், அந்தச் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். பால் அல்லது தேங்காய்ப்பால் சேர்க்க விரும்புவோரும் இந்த வேளையிலேயே சேர்த்தல் வேண்டும். காலையிற் சேர்த்தால் திரிந்துவிடும். உப்பும் மிளகுத்தூளும் அளவு பார்த்துத் தூவி, தேசிப்புளியைப் பிழிந்து, பாணோடு பரிமாறலாம். முதல்நாட் சோறு இருந்தால் அதிலும் ஊற்றிக்கொள்ளலாம்.

இனி எச்சரிக்கைகளுக்கு வருவோம். இப்பேச்சின் முக்கியமான பகுதி இதுவே. பாகை செல்சியஸ் கணக்கில் ஏறத்தாழ 5 இற்கும் 60 இற்கும் இடைப்பட்ட சூட்டில், உணவைக் கெடுக்கும் நுண்ணங்கிகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. மெதுவாகச் சூடேறும் சட்டி இந்த இடைவெளியைக் கடந்தே மேலே செல்கின்றது. அது எவ்வளவு விரைவிற் கடக்கின்றதோ அவ்வளவு நன்மை. ஆகவேதான் உறைந்த கோழியை இச்சட்டியில் இடலாகாது. பனிக்கட்டியாய் இறுகிய இறைச்சி, அந்த அபாய எல்லைக்குள் பல மணி நேரம் கிடந்துவிடும். முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண தட்டில் வைத்து முற்றாக இளகிய பின்னரே சமைத்தல் வேண்டும். கோழியிறைச்சியின் உட்பகுதி 74 பாகையை அடைந்தாற்றான் அது உண்ணத்தக்கது.

இரண்டாவது எச்சரிக்கை, மின்தடை பற்றியது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், பாணந்துறை உபமின்னிலையத்திற் குரங்கொன்று பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மின்தடை அறிவித்தும் வரும், அறிவியாமலும் வரும். வீட்டில் ஆள் இருந்தால், உடனே சூப்பை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி, காஸ் அடுப்பிலோ விறகடுப்பிலோ வைத்து வேகவைத்து முடித்துவிடலாம். ஆள் இல்லாத வீட்டிலேதான் ஆபத்து. காலை ஒன்பது மணிக்கு நின்ற மின்சாரம் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், திருகிக் கட்டுப்படுத்தும் பழைய வகைச் சட்டி மீண்டும் தன்பாட்டிற் சூடேறத் தொடங்கும். மாலையில் வருபவருக்குச் சூடான, மணமுள்ள சூப்பே காட்சியளிக்கும். இடையில் நான்கு மணி நேரம் அது இளஞ்சூட்டிற் கிடந்தது அவருக்குத் தெரியாது.

அதைத்தான் மீண்டும் கொதித்துவிட்டதே, இனி என்ன பயம் என்று கேட்கலாம். சில பற்றீரியாக்கள் உணவிற் பெருகும்போது நஞ்சை உண்டாக்குகின்றன. கொதிக்கும்போது பற்றீரியா இறக்கும். ஆனால் அவ்வகை நஞ்சுகளுட் சில கொதியைத் தாங்கி நிற்கும். ஆகையால் ஆளில்லாத வேளையில் மின்சாரம் நின்றது என்று தெரிந்து, நின்ற நேரம் தெரியாவிட்டால், அச்சூப்பைக் கொட்டிவிடுவதே அறிவுடைமை. உணவை வீசுவது மனத்துக்கு ஒவ்வாத காரியந்தான். எனினும் 750 கிராம் கோழியைவிட ஒரு பிள்ளையின் உடல்நலம் பெரிது. மின்சாரம் நின்றதை அறிவதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. மின்சாரம் போய் வந்தால் எண்கள் விட்டுவிட்டு ஒளிரும் மலிவான மின்கடிகாரம் ஒன்றை, மின்சட்டிக்கு அருகிலேயே பொருத்தி வைத்தாற் போதும். வீட்டுக்கு வந்ததும் முதலிற் பார்க்க வேண்டியது சட்டியை அன்று, கடிகாரத்தை.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் சட்டிகள் பற்றியது. ரொறன்ரோவில் வாழும் உறவினர் அன்போடு ஒரு மின்சட்டியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. இலங்கையில் 230 வோல்ற்று. வோல்ற்றளவு இருமடங்கை அண்மித்தால், சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்கை அண்மிக்கும். 250 வாற்றுக்கென ஆக்கப்பட்ட சுருள் 900 வாற்றுக்கு மேல் இழுக்க முயன்று எரிந்துபோகும். வீட்டுக்கும் தீங்கு நேரலாம். தக்க மின்மாற்றி இல்லாமல் அச்சட்டியைப் பொருத்தலாகாது. இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் சட்டிகளுக்கு இத்தொல்லை இல்லை. எனினும் அடியிலுள்ள தகட்டை ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நன்று.

நான்காவது, சிவப்பு அவரை பற்றியது. சிறுநீரக வடிவான இந்த அவரையைச் சூப்பிற் சேர்க்கப் பலர் விரும்புவர். இதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. நன்றாகக் கொதித்தால் அது அழியும். மெல்லிய சூட்டில் அழியாது. ஆகவே அவரையை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரில் அடுப்பில் வைத்து அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே மின்சட்டியில் இடுதல் வேண்டும். இச்சிறு விதியை அறியாமையால் வயிற்றோட்டமும் வாந்தியும் கண்டவர்கள் பல நாடுகளில் உளர்.

எஞ்சிய சூப்பை இரண்டு மணி நேரத்துள் ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். மறுநாள் அதைச் சூடாக்குவது சாதாரண அடுப்பிலேயே, மின்சட்டியில் அன்று.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள் முழுவதும் எரிந்தால் மின்கட்டணம் ஏறாதோ என்பது பலரின் ஐயம். 250 வாற்றுச் சட்டி எட்டு மணி நேரம் வேலை செய்தால் 2,000 வாற்று மணி, அதாவது இரண்டு அலகு மின்சாரம் செலவாகும். 2,000 வாற்றுக் கேத்தல் ஒன்று ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மின்சாரமும் அதுவே. மின்சாரத்தையும் விரும்பாதார்க்குப் பழைய வழிகள் இல்லாமற் போகவில்லை. மரத்தூள் அடுப்பின் அடங்கிய தணலிற் சட்டியை வைத்து நெடுநேரம் வேகவைக்கும் வழக்கம் இந்நாட்டு அடுப்படிகளுக்குப் புதிதன்று. வில்னாவின் போறணையும் யாழ்ப்பாணத்துத் தணலடுப்பும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள். ஆயின் தணலடுப்புக்கு அருகில் ஆள் இருத்தல் வேண்டும்.

கோழி சூப் தடிமனுக்கு மருந்து என்பது பழைய நம்பிக்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத மருத்துவ அறிஞர் மைமொனிடீஸ் கோழிச் சாற்றை நோயாளருக்கு விதந்துரைத்தார். 1978 இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரத்து மருத்துவர்கள், சூடான கோழி சூப் மூக்கடைப்பின் சளியை இளக்கி ஓடச்செய்வதில் வெந்நீரிலும் சற்று மேம்பட்டது என்று கண்டனர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து மருத்துவர் ஸ்ரீவன் ரெனார்ட், தம் மனைவியின் லித்துவேனியப் பாட்டியார் வழிவந்த முறைப்படி ஆக்கிய சூப்பை ஆய்வுகூடத்தில் ஆராய்ந்தார். அழற்சிக்குக் காரணமான ஒருவகை வெண்குருதிக் கலங்களின் நகர்வை அச்சூப் குறைக்கின்றது என்று அவர் 2000 ஆம் ஆண்டில் எழுதினார். இது சோதனைக் குழாயிற் கண்ட முடிவேயன்றி நோயாளரிடத்துக் கண்டதன்று. ஆகவே சூப்பை மருந்தென்று கொள்ளாது, நோயாளி விரும்பி உட்கொள்ளும் நீரும் புரதமும் நிறைந்த நல்லுணவு என்று கொள்வதே முறை. காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. மின்சட்டி வேலையை ஒழிப்பதில்லை. வேலையின் நேரத்தை மாற்றுகின்றது. மாலை ஆறு மணிக்கு வெட்டிய கரட்டை முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு வெட்டச் சொல்கின்றது, அவ்வளவே. அந்த இரவு வேலையையும் தாய் ஒருத்தியே தனித்துச் செய்வாளாயின், அவளுக்குக் கிடைத்த ஆறுதல் என்ன? பகல் முழுவதும் கந்தோரிலும், இரவில் வெட்டுப்பலகையிலும், விடியலிற் சட்டியருகிலும் அவளே நிற்பாள். கருவிக்கு யார் கரட்டை வெட்டினார்கள் என்பது தெரியாது. அதைத் தெரிந்திருக்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்களே. தந்தை கோழியைத் துப்புரவு செய்து வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளை உள்ளி உரிக்கலாம். மூத்த பிள்ளை கிழங்கைச் சீவலாம். அண்ணனும் தங்கையும் இவ்வேலையை ஒப்பப் பகிர்ந்து பழகுவார்களாயின், நாளை அவர்கள் அமைக்கும் வீடுகளும் நல்ல வீடுகளாக இருக்கும். நால்வர் சேர்ந்தால் இருபது நிமிடத்தில் முடியும் வேலை இது. அந்த இருபது நிமிடத்திற் பேசப்படும் பேச்சும் ஓர் ஊதியமே.

அவ்வாறு ஆக்கிய சூப் மாலையிற் கோப்பைகளில் ஊற்றப்படும்போது, அடுப்படியில் எவரும் நிற்கத் தேவையில்லை. நால்வரும் ஒரே வேளையில் ஒரே மேசையில் இருக்கலாம். பரீட்சையிற் குறைந்த புள்ளியைப் பற்றிச் சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு, அதைச் சொல்வதற்கு ஒரு வேளை வாய்க்கும். கேட்பதற்குத் தாய்க்கும் தந்தைக்கும் பொறுமை இருக்கும். சமைத்தலின் பயன் வயிறு நிரம்புதல் மாத்திரமன்று. உண்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்து உண்ணுதலும் அதன் பயனேயாகும்.